கதவைப் பார்த்த நாற்காலி

நாந்த்
ஜனவரி 11

அன்புள்ள ஆன்செல்ம் அண்ணாவுக்கு,

புத்தாண்டு உன் முழங்கால்களுக்காவது இரக்கம் காட்டட்டும். என் வலது காதில் இரைச்சல் நிற்கவில்லை. டிராம் ஓடும் தெருவில் குடியிருப்பவளுக்கு அது தனியாகக் கேட்காது என்று வைத்தியர் சிரிக்கிறார்.

நல்ல சேதி. உங்கள் ஊரில் தகடு அடிக்கும் பிரஸ் தொழிற்சாலைக்கு என் சிரிலை டைரக்டராகப் போட்டிருக்கிறார்கள். நீ காலம் முழுக்க வேலை பார்த்த அதே இடம். அதை வாங்கிய அமெரிக்கக் குழுமம் அவனை ஒஹாயோவில் பழக்கி அனுப்பியிருக்கிறது. கார் கதவுத் தகடுகளைக் கோடைக்குள் ஒன்றரை மடங்கு அடித்துக் காட்ட வேண்டுமாம். இல்லையென்றால் தொழிற்சாலையை மூடிவிடுவார்களாம். அவன் காட்டுவான். சின்ன வயதில் உன் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தால்கூட யாரும் சொல்லாமலே கோழிக் கூட்டைக் கழுவுவானே, அதே பிள்ளைதான்.

ஒரே கவலை, அவன் மதியம் சாப்பிடுவதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் ரொட்டியைக் கடித்துக்கொண்டே வேலை பார்க்கிறான். பெற்றவள் எதிரில் இருக்கும்போதுகூட! ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு மேஜையில் உட்கார வை. உன் கொரின் அங்கே பிரஸ்ஸில்தானே நிற்கிறாள், மாமன் மகள் என்ற முறையில் நாலு பேரை அவனுக்கு அறிமுகம் செய்து வைக்கட்டும்.

அவனைப் பார்த்துக்கொள், அண்ணா. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் தங்கை,
ஒதில்


மோன்-துரோல்
ஜனவரி 25

அன்புள்ள ஒதிலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் படியிறங்கும்போது மட்டும் வலிக்கிறது, ஏறும்போது வலிப்பதில்லை. காரணத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன். காதை நீ வேறொரு வைத்தியரிடம் காட்டுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

சிரில் ஞாயிறன்று வந்தான். முட்டைக்கோசும் பன்றிக்கறியும் வேகவைத்திருந்தோம். கொரின் தனக்குப் பரிமாறிக்கொள்வதற்குள் அவன் தட்டு காலியாகிவிட்டது. சாப்பாட்டின் கடைசியில் பாலாடைக்கட்டி வருவதற்குள் கைபேசியை எடுத்துவிட்டான்.

இரண்டு மாற்றங்கள் செய்யப் போகிறான். இரண்டு மணி நேரப் பகல் இடைவேளை அரை மணியாகும். பிரஸ்ஸின் வேகம் கூடும். நான் அங்கே நேரம் அளப்பவனாக இருந்தவன் அல்லவா? நிறுத்துக் கடிகாரத்தோடு அடுத்தவன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றே சம்பளம் வாங்கியவன். அதனால் என்னிடம் கேட்டான்: “மாமா, இந்த வேகம் முடியுமா, முடியாதா?”

பிரஸ் இறங்க வேண்டுமானால் இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளால் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். கைகள் அச்சுக்குள் இருந்துவிடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. அவன் சொல்லும் வேகத்துக்கு ஒரு பொத்தானில் கட்டையைச் செருகிவிட்டு, ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தகட்டை எடுக்க வேண்டியிருக்கும். இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். “பாக்கணும்ப்பா” என்று மட்டும் வந்தது. அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ தெரியவில்லை.

நான் கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்ததைக் கண்டு, “இன்னும் அந்தப் பயம் போகலையா மாமா?” என்று சிரித்தான். பட்டறையில் பின்னாலிருந்து என் தலையில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிய கதையை நீ சொல்லியிருப்பாய். ஊற்றியவன் யாரென்று அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு எந்த மேஜையிலும் கதவுக்கு முதுகு காட்டியதில்லை.

குளிரில் வெளியே போகாதே.

உன் அண்ணன்,
ஆன்செல்ம்


நாந்த்
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், எழுதினால்தானே தெரியும்?

சிரிலின் கார் கண்ணாடியை இரும்புத் துண்டால் உடைத்திருக்கிறார்கள். அவன் உள்ளே உட்கார்ந்திருந்தபோது! அவனும் சொல்லவில்லை, நீயும் எழுதவில்லை. வீடியோ போனில் அவன் கண்ணிமையில் தையல் தெரிந்ததால் கேட்டேன். வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேர வேலை, அதற்கு மேல் விடுமுறை, அதற்கு மேல் போராட்டம். உழைக்கச் சொன்னால் அடிப்பதா? அப்பா பேக்கரியில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று உன் ஊர்க்காரர்களிடம் சொல்.

நடப்பதை நடந்தபடி எழுது. நான் நெஞ்சு பலவீனமானவள் இல்லை.

ஒதில்


மோன்-துரோல்
மார்ச் 1

அன்புள்ள ஒதிலுக்கு,

உன்னைப் பயமுறுத்த வேண்டாமென்றுதான் எழுதவில்லை. நீ கேட்டதால் வரிசையாக எழுதுகிறேன்.

கண்ணாடிக்குப் பிறகு, வைக்கோலில் ஒரு பொம்மை செய்து நீல டை கட்டி வாசல் கம்பத்தில் தூக்கிலிட்டார்கள். டையை அவன் அறையிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். பிறகு அதைக் கொளுத்தினார்கள்.

அதற்கடுத்த வாரம் பாஸ்காலின் விரல்கள். உனக்கு அவனைத் தெரியாது. கொரினுக்குப் பக்கத்து பிரஸ்ஸில் நிற்பவன். பொத்தானில் கட்டையைச் செருகியிருக்கிறான். இரண்டு விரல்கள் தகட்டோடு சேர்ந்து பெட்டியில் விழுந்தன. கொரின்தான் அவற்றைப் பொறுக்கி ஐஸில் வைத்தாள். கட்டையைச் செருகும்படி யாரும் சொல்லவில்லை. வேகத்தை மட்டும்தான் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு சிரில் வர மாட்டான் என்று நினைத்தேன். வந்தான். சுட்ட கோழியைத் துண்டு போட்டோம். பிறகு அவன் ஆரம்பித்தான்.

“ஒஹாயோல மெஷின் பக்கத்துலயே நின்னு சாப்பிடறாங்க. யாரும் செத்துப் போகல.”

“எங்க நாயும் நின்னுக்கிட்டுதான் சாப்பிடுது. அதக் கூட்டிட்டுப் போ, நல்லா வேலை செய்யும்” என்றாள் கொரின்.

“உலகமே உங்களப் பாத்துச் சிரிக்குது கொரின்.”

“சிரிக்கட்டும். மெஷின் முன்னால நிக்கிற நேரத்துல நாங்க அடிக்கிற மாதிரி எவனும் அடிக்கறதில்ல. அப்பாவக் கேளு. அளந்தவரு அவருதான்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கொரின் சொன்னது உண்மை. நம் ஆட்கள் குறைந்த நேரம் நிற்கிறார்கள். நிற்கும் நேரத்தில் தலை நிமிர்வதில்லை. நான் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

அதற்குள் சிரில், “பாஸ்கால் இன்னும் கவனமா இருந்திருக்கணும்” என்றான். கொரின் எழுந்து அவனை அறைந்தாள். கையிலிருந்த கண்ணாடிக் குவளையோடு சேர்த்து. உதடு கிழிந்தது. அவன் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, பாலாடைக்கட்டிக்கு முன்பே எழுந்து போனான். அவள் அழுதுகொண்டே எனக்குப் பாலாடைக்கட்டியை வெட்டி வைத்தாள்.

உன் காது எப்படி இருக்கிறது?

ஆன்செல்ம்


நாந்த்
மார்ச் 21

அண்ணா,

தொலைக்காட்சியில் உங்கள் தொழிற்சாலைக் கூரையைப் பார்த்தேன். விளிம்பு முழுக்க காஸ் சிலிண்டர்கள். “வெடிக்க வைப்போம்” என்று ஒருவன் கத்துகிறான். என் பிள்ளையை அறையில் பூட்டி வைத்திருந்தார்கள் என்கிறார்கள், ஆம்புலன்ஸ் என்கிறார்கள். கூட்டத்தில் உன் தொப்பியைப் பார்த்தேன். உன் சட்டையில் என்ன அது, கறுப்பாக?

போனை எடு. இல்லையென்றால் எழுது. நான் மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஒதில்


மோன்-துரோல்
மார்ச் 29

அன்புள்ள ஒதிலுக்கு,

நீ சிரிலின் பக்கத்தில் இருப்பாய். இந்தக் கடிதத்தை அவன் தூங்கும்போது படி. போனில் என்னால் பேச முடியவில்லை, மன்னித்துவிடு.

தொழிலாளர்கள் அவனை அவனுடைய அறையில் அடைத்தார்கள். நம் நாட்டில் இது முதல் தடவை இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் கை வைக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். சங்கத் தலைவன் யானிக் மறுநாள் என்னை அழைத்தான். வேகத்தை அளந்து சொல்ல இரு தரப்பும் நம்பும் ஆள் வேண்டுமாம். போனபோது சிரிலின் சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. கழுத்தில் நகக்கீறல்கள். யாரோ அவன் மேஜையில் சிறுநீர் கழித்திருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் நின்றது. முற்றத்தில் பாதி பீப்பாயில் நெருப்பு மூட்டித் தொத்திறைச்சி சுட்டார்கள், பெரிய அண்டாவில் பருப்பு. பிரஸ் கூடத்தின் வாசலுக்கு எதிரே பலகை போட்டு மேஜையாக்கினார்கள். யானிக் மேலே போய்ப் பூட்டைத் திறந்தான். “வாங்க டைரக்டர் சார். பட்டினி போட்டோம்னு பேர் வேணாம்” என்று அவன் கூப்பிட்டது கீழே கேட்டது.

சிரில் இறங்கி வந்தான். கொரின் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி, தட்டும் வைத்தாள். அவன் உட்காரவில்லை.

“நான் மதியம் சாப்பிடறதில்ல. நீங்க இங்க உக்காந்திருக்கற நேரத்துக்கு லாரி லாரியா அடிச்சிருக்கலாம்” என்றான்.

கொரின் தலை நிமிராமல் சொன்னாள்: “அப்ப நீ போய் அடி. உன் வேகத்துல ஒரே ஒரு பெட்டி. முடிஞ்சா, உன் வேகத்துக்கு ஒத்துக்கிட்டு நாங்க அத்தன பேரும் கையெழுத்துப் போடறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். “டை மாட்டிக்கப் போகுது சார், பாத்து” என்றான் ஒருவன். சிரிலும் லேசாகச் சிரித்தான். பிறகு பருப்பு அண்டா சுற்றி வந்தது. அவனுக்குக் காவல் என்று யாரும் நிற்கவில்லை. ஏன் என்று இப்போது கேட்கிறார்கள். சாப்பிடும் நேரத்தில் ஒருவன் எழுந்து போவான் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பாலாடைக்கட்டியை வெட்டும்போது பிரஸ் ஓடும் சத்தம் கேட்டது. பகல் இடைவேளையில் அந்தச் சத்தத்தை அங்கே யாரும் கேட்டதில்லை. கரண்டிகள் நின்றன. ஓர் அடி, இன்னோர் அடி, சீராக. அளந்து பழகிய காது எனக்கு. அவன் சொன்ன வேகம்தான். “அடப்பாவி, அடிக்கறான்யா” என்றான் யானிக். அவன் குரலில் மரியாதைகூட இருந்தது.

அப்புறம் ஓர் அடி வேறு மாதிரி கேட்டது. ஈரமாக.

கொரின்தான் முதலில் ஓடினாள். சிரிலின் வலது கை மணிக்கட்டுவரை அச்சுக்குள் இருந்தது. வலது பொத்தானில் கட்டை. அவன் கத்தவில்லை, வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தான். யானிக் பிரஸ்ஸை ஏற்றியதும் ரத்தம் கொரினின் முகத்தில் அடித்தது. அவள் தன் பெல்ட்டை உருவி அவன் கையை முழங்கைக்கு மேலே கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். தலையை மடியில் போட்டுக்கொண்டு, “கண்ண மூடாத சிரில். என்னத் திட்டு. திட்டுடா” என்று ஆம்புலன்ஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். முந்தின நாள் அவன்மேல் துப்பியவர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் சட்டையில் நீ பார்த்தது அந்த ரத்தம்தான்.

நடந்தபோது எல்லோரும் மேஜையில்தான் இருந்தோம். நானும்தான்.

அவன் கண் விழித்தால் மாமா கேட்டதாகச் சொல்.

ஆன்செல்ம்


நாந்த்
ஏப்ரல் 19

அண்ணா,

கையை எடுத்துவிட்டார்கள். அவன் பேசுவதில்லை, சுவரைப் பார்க்கிறான்.

குழுமத்தின் வக்கீல்கள் வந்திருந்தார்கள். தொழிலாளர்கள் அவனை இழுத்துப் போய்க் கையைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், உத்தரவு கொடுத்தவள் கொரின் என்று வாக்குமூலம் எழுதிக் கொண்டு வந்திருக்கிறார்கள். சிரில் இடது கையால் ஒரு கோடு கிழித்தால் போதுமாம். கிழித்தால் ஆயுள் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்வார்களாம். இல்லையென்றால் பாதுகாப்பு விதியைத் தானே மீறிய டைரக்டராம், ஒரு காசும் கிடையாதாம்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொன்னேன். அமெரிக்க வக்கீல் சிரித்தார். பிணைக்கைதியைத் திறந்து விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையே உட்கார்ந்து பாலாடைக்கட்டி சாப்பிடுமா என்று கேட்டார்.

எனக்கு வேறொரு கேள்வி. அந்த மேஜையில் நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய்? நீ கதவைப் பார்க்காமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஒதில்


மோன்-துரோல்
மே 10

அன்புள்ள ஒதிலுக்கு,

உன் உடம்பும் சிரிலின் உடம்பும் தேறி வர வேண்டும் என்பதே என் நினைப்பு.

கொரினையும் யானிக்கையும் போலீஸார் பிடித்துப் போய்விட்டார்கள். விடிகாலையில் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். தட்டியிருந்தாலே நான் திறந்திருப்பேன். அவளைத் தலைமுடியைப் பிடித்துத் தரையில் அழுத்தி விலங்கு போட்டார்கள். பல் ஒன்று உடைந்தது. குற்றம் உறுதியானால் பல வருஷம் சிறை என்கிறார்கள். சிரில் அந்தத் தாளில் கோடு கிழித்தானா, இல்லையா? அதை மட்டும் எழுது.

தோட்டத்தில் முள்ளங்கியை நத்தை தின்றுவிட்டது. இந்த வருஷம் ஈரம் அதிகம்.

நீ கேட்ட மற்ற விஷயத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஆன்செல்ம்


மோன்-துரோல்
ஜூன் 7

அன்புள்ள ஒதிலுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

விசாரணை நீதிபதி எங்களைக் கூப்பிட்டார். கொரினை விலங்கோடு கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் இல்லாத இடம் தெரிந்தது. அமெரிக்க வக்கீல் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்திருந்தார்.

“பூட்டத் தெறந்து விட்டுட்டு எல்லாரும் சாப்பிட உக்காந்தீங்களா?” என்று நீதிபதி யானிக்கைக் கேட்டார்.

“ஆமா.”

“காவலுக்கு ஒருத்தர்கூட இல்ல?”

“சாப்பாட்டு நேரம் ஐயா.”

வக்கீல் சிரித்துவிட்டு ஏதோ எழுதினார். நீதிபதி என் பக்கம் திரும்பி, சிரில் எழுந்து போனதை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னேன்.

அப்போது மாதா கோயிலில் பன்னிரண்டு அடித்தது. நீதிபதி எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை நடுவில் விட்டுப் பேனாவை மூடினார். குமாஸ்தா அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டார். இன்னும் இரண்டே கேள்விகள் என்று வக்கீல் எழுந்து நின்றார். “ரெண்டு மணிக்கு” என்றார் நீதிபதி. காவலர்கள் கொரினின் ஒரு கை விலங்கைக் கழற்றினார்கள், அவளும் சாப்பிட வேண்டுமே. அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வழக்குக் கட்டு மேஜைமேல், பார்த்துக்கொள்ள யாருமில்லாமல். நீதிபதி வாசலில் ஒரு கணம் நின்று, அந்த வழக்குக் கட்டையும் கதவையும் வக்கீலையும் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

இரண்டு மணிக்குப் பிறகு, பூட்டைத் திறந்து விட்டதைப் பற்றி அவர் யாரையும் கேட்கவில்லை.

ஆனாலும் சிரிலின் வாய்ச்சொல்தான் முடிவு. மாதக் கடைசியில் அவனைக் கேட்கப் போகிறார்கள்.

ஆன்செல்ம்


நாந்த்
ஜூலை 5

அன்புள்ள மாமாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். சிறுபிள்ளை எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

என்னை யாரும் இழுக்கவில்லை, நானாகத்தான் போனேன் என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டேன். கொரின் வீட்டுக்கு வந்திருப்பாள். குழுமம் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. பழைய வேகத்திலேயே பிரஸ்கள் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருஷமும் ஓடுமா என்று எனக்குத் தெரியாது, மாமா. சம்பிரதாயத்துக்காக நல்ல வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். அன்று பொத்தானில் கட்டையைச் செருகிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துப் பாதி எழுந்திருந்தீர்கள். கடிகாரத்தோடு வருவீர்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் காத்திருந்தேன். நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். முடியாத வேகமாக இருந்தால் மாமா சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

நான் எழுந்து போனதை நீங்கள் பார்த்தீர்களா என்று அம்மா கேட்டார். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? ஒரு கையால் சாப்பிட நேரம் பிடிக்கும்.

சிரில்


மோன்-துரோல்
ஜூலை 19

அன்புள்ள ஒதிலுக்கு,

வெயில் உன் காதுக்கு நல்லது செய்யட்டும். என் முழங்காலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்று சிரில் வந்தான். கொரின் வாசலுக்கு வந்தாள். அவன் அவளுடைய பல் போன இடத்தையும், அவள் அவனுடைய வெறும் சட்டைக் கையையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டுத் தொடை சுட்டிருந்தோம். அவன் கத்தியை எடுத்துவிட்டு, பிடிக்க இன்னொரு கை இல்லாமல் கீழே வைத்தான். கொரின் அவன் தட்டை இழுத்துத் துண்டு துண்டாக வெட்டினாள்.

“மத்த கை எங்க, ஒஹாயோவுக்கு வேலைக்குப் போயிடுச்சா?” என்றாள். அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு இருவரும் அழுதார்கள். பிறகு சாப்பிட்டோம். பாலாடைக்கட்டி வந்தது, பழம் வந்தது, காப்பி வந்தது. கோயிலில் இரண்டு அடித்தபோது அவன் இன்னும் மேஜையில்தான் இருந்தான்.

எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன் என்று ஏப்ரலில் நீ கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. இன்று கதவைப் பார்த்த நாற்காலியைச் சிரிலுக்குக் கொடுத்தேன். நான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பாடு முழுவதும் பிடரி கூசிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

இனி என் இடம் அதுதான். கதவு திறந்தே இருக்கும். பின்னாலிருந்து யார் வந்தாலும் வரட்டும். நீயே வந்தாலும் சரி.

உன் அண்ணன்,
ஆன்செல்ம்